மூன்றாவது கைக்கு வரும் சொகுசுக் கார்

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதிக்கான தடை நீங்கியதிலிருந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவுவதற்குள் பேச்சு வாகனத்தில் வந்து நிற்கிறது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட வாசல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறந்திருப்பதால், அதுவரை பழைய வாகனத்தைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடிக்கொண்டிருந்தவர்களும், தடைக் காலத்தில் தாங்கள் வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றுப் பணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்திருக்கிறார்கள். வாகனங்களைப் பற்றி விடாமல் வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டென்பதை அறிந்த உறவினர்கள், “தம்பி, பென்ஸ் எடுக்கலாமோ, லெக்ஸஸ்தான் நல்லதோ?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாதிப் பதில் சொல்வதைக் காட்டிலும் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொகுசு வாகன நிறுவனங்களைப் பற்றிப் பரவியிருக்கும் பேரும் பழியும் பெரும்பாலும் அந்த வாகனங்களைப் புதிதாக வாங்கி, மூன்று நான்கு ஆண்டுகள் வைத்திருந்து, உத்தரவாதக் காலம் முடியும் தறுவாயில் கைமாற்றிவிடும் முதல் உரிமையாளர்களின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. கொழும்பில் சொகுசு வாகனம் ஓட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே வாகனத்துக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளர்கள். முதல் உரிமையாளர் தோல் இருக்கையையும் ஓசையற்ற பயணத்தையும் அனுபவித்துவிட்டுப் போன பிறகு, வாகனத்தைக் காற்றடைத்த பைகளில் தாங்கும் சஸ்பென்சன் கசியத் தொடங்கும் காலத்தில்தான் வாகனம் நம்மிடம் வருகிறது. போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்தின் பெயர் அதன் வாகனங்களைவிடப் பத்து ஆண்டுகளாவது பிந்தி ஓடிக்கொண்டிருக்கும்.

தரவரிசை என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது, 1968இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வுகளைத்தான். அவற்றுள் ஒன்று, புதிய வாகனத்தை வாங்கியவரிடம் முதல் 90 நாட்களில் கண்ட குறைகளைக் கேட்கிறது. இது கலியாணம் முடிந்த மூன்றாம் மாதம் மருமகளைப் பற்றி மாமியாரிடம் விசாரிப்பதற்கு ஒப்பானது. உண்மை வெளிவர இன்னும் நாள் இருக்கிறது. மற்றொரு ஆய்வு, மூன்று ஆண்டுகள் ஓடிய வாகனத்தின் முதல் உரிமையாளரிடம் கடந்த 12 மாதங்களில் ஏற்பட்ட குறைகளைக் கேட்டு, நூறு வாகனங்களுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. 2023இல் வெளியான அந்தப் பட்டியலில் லெக்ஸஸ் 133 குறைகளுடன் முதலிடத்திலும், லான்ட் ரோவர் 273 குறைகளுடன் கடைசியிலும் நின்றன. அதற்கு முந்தைய ஆண்டில், 145 குறைகளுடன் எல்லாச் சொகுசு நிறுவனங்களையும் பின்தள்ளி முதலிடம் பிடித்தது கியா. அந்தச் செய்தியை ஒரு பென்ஸ் உரிமையாளரிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலாது.

ஆனால் இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு விடயத்தை மறந்துவிடக்கூடாது. கைத்தொலைபேசி வாகனத் திரையோடு இணைய மறுப்பதும் ஒரு குறை. கியர்பொக்ஸ் உடைந்து வீதியோரத்தில் நின்றுவிடுவதும் ஒரு குறை. அண்மைய ஆண்டுகளில் இந்த ஆய்வுகளில் மிக அதிகமான முறைப்பாடுகள் திரைகளையும் குரல் கட்டளைகளையும் தொலைபேசி இணைப்பையும் பற்றியவை என்பதால், மின்னணு வசதிகளை அள்ளிக் கொட்டும் ஜேர்மன் வாகனங்கள் அங்கே அடிவாங்குவது இயல்பே. கொழும்பின் உதிரிப் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பாகம் தேடி அலையப்போகும் மனிதருக்குத் திரை மெதுவாக வேலை செய்வது ஒரு பொருட்டல்ல. 1936இலிருந்து இயங்கிவரும், விளம்பரம் வாங்காத கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பின் ஆய்வு, என்ஜின், கியர்பொக்ஸ் போன்ற பெரிய கோளாறுகளுக்கு அதிக எடை கொடுப்பதாலும், பல ஆண்டு பழைய வாகனங்களையும் உள்ளடக்குவதாலும் நமக்கு ஓரளவு நெருக்கமானது. அதிலும் லெக்ஸஸும் டொயோட்டாவும் ஆண்டுக்கு ஆண்டு மேல் வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் பலர் எதிர்பார்க்காத ஒன்றும் அங்கே உண்டு: 2023, 2024 ஆண்டுகளின் இறுதியில் வெளியான பட்டியல்களில் பிஎம்டபிள்யூ முதல் பத்துக்குள் வந்திருந்தது.

பெயர் வேறு, வாகனம் வேறு என்பதற்கு அவுடியின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, அவுடி 5000 என்ற மாதிரி ஓட்டுநரின் விருப்பமின்றித் தானாகவே பாய்கிறது என்று காட்டியது. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் தடுப்பு (பிரேக்) மிதிக்குப் பதிலாக வேக மிதியை மிதித்திருக்கிறார்கள் என்ற முடிவை 1989இல் வெளியிட்டது. அந்த அறிக்கையை எத்தனை பேர் வாசித்தார்கள்? 1985இல் அமெரிக்காவில் 74,000 வாகனங்களுக்கு மேல் விற்ற அவுடி, 1991இல் 12,000 சொச்சம் மட்டுமே விற்றது. ஜகுவாருக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். பிரிட்டிஷ் லேலண்ட் குழுமத்தில் இருந்த காலத்து மின்கம்பிக் கோளாறுகளால் கெட்டுப்போன அதன் பெயர், ஃபோர்ட் நிறுவனம் வாங்கிச் சீர்செய்த பிறகும் மீளவில்லை. 2009இல் ஜே.டி. பவரின் மூன்றாண்டு ஆய்வில் ஜகுவார் பியூயிக்குடன் சேர்ந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. அப்போது அந்த நிறுவனம் டாட்டாவின் கைக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. முதலிடம் வந்த செய்தி விற்பனையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை, ஏனென்றால் ஜகுவார் என்றதும் சனங்களுக்கு நினைவுக்கு வந்தது 1970களின் ஜகுவார்தான்.

பென்ஸின் நிலையோ இதற்கு நேர்மாறானது. நம்மவர்களுக்குப் பென்ஸ் என்பது ஒரு வாகனத்தின் பெயர் என்பதைவிட ஒரு குடும்பம் எட்டிய உயரத்தின் அடையாளம். அந்த மதிப்பு காற்றில் வந்ததல்ல. 1976இல் சந்தைக்கு வந்த டபிள்யூ123 வரிசை ஏறத்தாழ 27 இலட்சம் வாகனங்கள் தயாரிக்கப்பட்டு, ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாடகை வண்டிகளாக ஓடித் தேய்ந்தது. அதன் பின் வந்த டபிள்யூ124 இன்றைக்கும் கொழும்பு வீதிகளில் நல்ல நிலையில் காணக்கிடைக்கிறது. 1976ஆம் ஆண்டின் 240டி மாதிரி ஒன்றை வாடகை வண்டியாக ஓட்டிய கிரேக்க நாட்டு ஓட்டுநர் ஒருவர், அதில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004இல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே அதைக் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த வண்டியின் என்ஜின் பல தடவைகள் கழற்றி மாற்றப்பட்டது. உடையாத வாகனம் என்பதால் அது அத்தனை தூரம் ஓடவில்லை. உடைந்தபோதெல்லாம் நியாயமான செலவில் திருத்தி மீண்டும் வீதியில் விடக்கூடிய வகையில் செய்யப்பட்டிருந்தது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது ஒஸ்ரின் ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்த வாகனங்களை எந்தத் தரவரிசையும் சொகுசு என்றோ உயர்தரம் என்றோ சொல்லியிருக்காது. ஆனால் அவற்றின் ஒவ்வொரு ஆணியும் கராஜ்காரருக்குத் தெரிந்திருந்தது, கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தும் எடுக்க முடிந்தது. என் அப்பாவின் தலைமுறை “நல்ல வாகனம்” என்று சொன்னபோது மனதில் வைத்திருந்தது இதைத்தான் என்பது என் எண்ணம். அதே தலைமுறை பென்ஸை மதித்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அந்தப் பென்ஸ் 1990களின் நடுப்பகுதியில் மாறத் தொடங்கியது. விலையைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் வாகனத்தை வடிவமைத்துவிட்டுப் பிறகு விலையைத் தீர்மானிக்கும் பழைய முறையை, லெக்ஸஸ் கொடுத்த அடிக்குப் பிறகு தொடர முடியவில்லை. 1990களின் முதற்பாதியில் பயன்படுத்தப்பட்ட மின்கம்பி உறைகள் சூட்டில் காய்ந்து நொறுங்கின. 1995இல் வந்த டபிள்யூ210 ஈ-கிளாஸ், பென்ஸ் வரலாற்றிலேயே துருவுக்குப் பேர்போன மாதிரியாயிற்று. அதற்கடுத்த ஈ-கிளாஸில் மின்னணுத் தடுப்பு (பிரேக்) முறை ஒன்றைப் பொருத்தி, அதன் கோளாறுகளால் 2004இல் ஏறத்தாழ 6,80,000 வாகனங்களையும், 2005இல் தடுப்போடு மின்சாரக் குறைகளும் சேர்ந்து 13 இலட்சம் வாகனங்களையும் திருப்பி அழைக்க வேண்டிவந்தது. பின்னர் அந்தத் தடுப்பு முறையையே கைவிட்டார்கள். இவ்வளவும் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் கொழும்பில் பென்ஸின் மதிப்பு துளியும் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. டபிள்யூ124 சம்பாதித்து வைத்த பெயரை டபிள்யூ210 செலவழித்துக்கொண்டிருந்தது. பிற்காலத்து டபிள்யூ212 போன்றவை அந்தச் சரிவிலிருந்து நிறுவனத்தை மீட்டன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

லெக்ஸஸுக்கு அத்தகைய பழைய பெயர் எதுவும் இருக்கவில்லை. 1983இல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் மிகச் சிறந்த வாகனங்களுக்கு ஈடாக ஒன்றைச் செய்ய முடியுமா என்று தன் ஆட்களிடம் கேட்டதிலிருந்து தொடங்கியது அந்தத் திட்டம். இச்சிரோ சுசுகி தலைமையில், ஏறத்தாழ 450 முன்மாதிரிகள் செய்து சோதித்த பிறகு, 1989 ஜனவரியில் டெட்ரொயிட் கண்காட்சியில் எல்எஸ் 400 வெளிவந்தது. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 35,000 டொலர். அதே அளவு பென்ஸ் வாங்குவதற்கு அதைவிட மிக அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. என்னைக் கவர்ந்தது அந்த வாகனத்தைவிட, அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் நடந்துகொண்ட முறை. பிரேக் விளக்கு தொடர்பாகவும் குரூஸ் கொன்ட்ரோல் தொடர்பாகவும் வந்த சில முறைப்பாடுகளுக்காக, விற்ற 8,000 வாகனங்களையும் திருப்பி அழைத்தார்கள். உரிமையாளர்களின் வீடுகளுக்கே போய் வாகனத்தை எடுத்து, திருத்தி, கழுவி, எரிபொருள் தாங்கியை நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். புதிய நிறுவனத்தை மூழ்கடித்திருக்க வேண்டிய சம்பவம், அதன் பெயரையே நிலைநாட்டிவிட்டது. தரம் என்ற பேச்சில் தொழிற்சாலைக்கு இருக்கும் பங்கைப் போல விற்பனைக்குப் பிந்திய கவனிப்புக்கும் பங்குண்டு என்பதை ஐரோப்பியர்கள் அதற்குப் பிறகுதான் கற்றார்கள். நமது நாட்டில் சில இடங்களில் அந்தப் பாடம் இன்னும் தொடங்கவேயில்லை.

கொழும்பில் லெக்ஸஸுக்கு நல்ல பெயர் இருப்பதற்கு இந்த வரலாற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இங்கே ஓடும் லெக்ஸஸ்களில் பெரும்பாலானவை பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். சிடி 200எச் மாதிரியில் இருப்பது டொயோட்டா பிரியஸில் உள்ள அதே 1.8 லீற்றர் என்ஜின். அதன் ஹைபிரிட் அமைப்பும் அடிப்படையில் அதுவே. இரண்டு மின்மோட்டார்களையும் என்ஜினையும் ஒரு கோள்பல்லிணை (பிளானட்டரி கியர்) கொண்டு இணைக்கும் அந்த அமைப்பில் தேய்ந்துபோகக் கிளட்ச் கிடையாது; தனியான ஸ்டாட்டர் மோட்டாரும் ஒல்டனேற்றரும் கிடையாது; வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்ப்பதால் பிரேக் பட்டைகளும் நீண்ட காலம் நிற்கின்றன. கொழும்பின் நெரிசலான காலி வீதியில் காலை எட்டு மணிக்கு ஊர்ந்து போகும் வாகனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டியதில்லை. மேலும், பிரியஸும் அக்குவாவும் அக்சியோவும் திருத்திப் பழகிய கைகள் நாரஹேன்பிட்டியிலிருந்து நீர்கொழும்பு வரை இருப்பதால், லெக்ஸஸ் வாங்குபவர் அந்தக் கைகளையும் சேர்த்தே வாங்குகிறார். பின் இருக்கையருகே மின்கலத்துக்குக் குளிர்காற்று இழுக்கும் விசிறி தூசியால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நமது வெப்பத்தில் அதைக் கவனிக்காமல் விடுவதுதான் மின்கலங்கள் சீக்கிரம் சாவதற்கு முக்கிய காரணம்.

இதனால் லெக்ஸஸ் தவறே செய்யாது என்று நினைத்துவிட வேண்டாம். 2009இல் கலிபோர்னியாவில் ஒரு குடும்பத்தின் உயிரைப் பறித்த விபத்தில் சிக்கியது லெக்ஸஸ் ஈஎஸ் 350. தரைவிரிப்பில் வேக மிதி மாட்டிக்கொண்டது காரணமாகக் கூறப்பட்டது. அதைத் தொடர்ந்த விசாரணைகளில் வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக டொயோட்டா 2014இல் 120 கோடி டொலர் தண்டம் செலுத்தியது. 2024இல், உற்பத்தியின்போது என்ஜினுக்குள் உலோகத் துணுக்குகள் விடுபட்டுப் போனதால், அமெரிக்காவில் சுமார் 1,02,000 டன்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. இரட்டை டர்போ பொருத்திய அந்த வி6 என்ஜின் குடும்பம்தான் லான்ட் குரூசர் 300இலும் இருக்கிறது. “டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று சொல்பவர்கள், அது எந்த ஆண்டின் எந்த என்ஜின் என்று ஒரு கண்ணையாவது திறந்து பார்ப்பது நல்லது.

பிஎம்டபிள்யூவுக்குக் கொழும்பில் கிடைத்த கெட்ட பெயரில் பாதி, நாம் தெரிவு செய்த மாதிரியால் வந்தது. 520டி என்ற டீசல் மாதிரி இங்கே மிகவும் விரும்பி வாங்கப்பட்டது. 2007இல் வந்த அதன் என்47 என்ஜினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் நேரச் சங்கிலி கியர்பொக்ஸ் பக்கமாக, அதாவது என்ஜினின் பின்புறத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சங்கிலி தளர்ந்து சத்தமிடத் தொடங்கினால், முன்பக்கத்தைத் திறந்து மாற்றிவிட முடியாது. என்ஜினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்காவது இதனால்தான். அதோடு, டீசல் புகையை வடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தப்படுத்த, நீண்ட தூரம் வேகமாக ஓடிப் புகைபோக்கி நன்றாகச் சூடேற வேண்டும். ஜேர்மன் நெடுஞ்சாலையில் அது தானாக நடந்துவிடும். நகருக்குள்ளேயே பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்குப் போய்வரும் வாகனத்துக்கு அந்தச் சூடு என்றைக்கும் கிடைப்பதில்லை. வடிகட்டி அடைபடுகிறது, எரியாத டீசல் என்ஜின் ஒயிலில் கலக்கிறது. கிழமைக்கு ஒருமுறையாவது கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் அல்லது தெற்கு அதிவேகப் பாதையில் ஓடும் 520டிகள் நல்ல உடல்நிலையில் இருப்பதையும் கண்டிருக்கிறேன். 2018இல் தென்கொரியாவில் புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடுமுன் குளிரவைக்கும் குளிராக்கியின் குறையால் 520டிகள் அடுத்தடுத்துத் தீப்பற்றி, பரிசோதிக்கப்படாத வாகனங்களை வீதியில் ஓட்ட அரசாங்கமே தடைவிதித்தது. அதே குறைக்காக உலகெங்கும் வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. பழைய 520டி வாங்குகிறவர், அந்தப் பாகம் மாற்றப்பட்டதா என்பதை அடிச்சட்ட எண்ணை (சேசிஸ் நம்பர்) கொண்டு கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

ஆனால் அதே பிஎம்டபிள்யூ 2015இல் கொண்டுவந்த பி58 என்ற ஆறு சிலிண்டர் பெற்றோல் என்ஜினை, டொயோட்டா தன்னுடைய சுப்ராவுக்காக 2019இல் வாங்கிப் பொருத்தியது. நம்பகத்துக்கு மறுபெயர் என்று நாம் சொல்லும் நிறுவனம், செலவு வைக்கும் என்று நாம் சொல்லும் நிறுவனத்திடம் என்ஜின் வாங்குகிறது. ஒரு நிறுவனத்தை மொத்தமாக நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லாமல் போனது இதுபோன்ற செய்திகளால்தான்.

அவுடியின் விடயத்தில் நமது வரி அமைப்பே தெரிவைச் செய்துவிட்டது. என்ஜின் கொள்ளளவு கூடக்கூட வரியும் ஏறுவதால், ஆயிரம் சிசிக்கு உட்பட்ட என்ஜினோடு வந்த ஏ1, ஏ3, கியூ2 மாதிரிகள் இங்கே குவிந்தன. நான்கு வளையச் சின்னமும் தொட்டுப் பார்க்க இதமான உட்புறமும் கொண்ட வாகனம், அதன் தாய்நாட்டில் யாரும் சொகுசு என்று கணக்கெடுக்காத என்ஜினோடு வருகிறது. என்ஜின் பரவாயில்லை. நான் யோசிப்பது இத்தகைய சிறிய மாதிரிகள் பலவற்றில் இருக்கும் ஏழு வேக உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸைப் பற்றித்தான். ஒயிலில் மூழ்காத அந்தக் கிளட்சுகள், நின்று நின்று ஊரும் நெரிசலில் பாதி அழுத்தத்திலேயே உரசிச் சூடேறித் தேய்கின்றன. 2013 நவம்பரில் அவுடியின் தாய் நிறுவனமான வொக்ஸ்வேகன் குழுமம் இந்த ஏழு வேகக் கியர்பொக்ஸின் செயற்கை ஒயிலைக் கனிம ஒயிலாக மாற்றுவதற்காக 16 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தபோது சொன்ன காரணம், வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த காலநிலையில், அடிக்கடி நின்று புறப்படும் ஓட்டத்தில், மின்கோளாறு ஏற்படலாம் என்பது. கொழும்பைப் பார்த்து எழுதியது போன்ற வாசகம்.

லான்ட் ரோவர் நிறுவனத்தின் ரேஞ்ச் ரோவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அமர்ந்து போவதற்கு அதைவிடச் சுகமான வாகனம் குறைவு. உத்தரவாதம் முடிந்த பிறகு அதை வைத்திருக்க, வாகனத்தின் விலையை மறந்துவிடக்கூடிய செல்வமும் இன்னொரு வாகனமும் தேவை.

இந்த ஊரின் உண்மையான சொகுசு வாகனம் எது என்று கேட்டால், மேலே சொன்ன எதையும் நான் குறிப்பிட மாட்டேன். அதிகாரத்தின் அடையாளம் என்றால் லான்ட் குரூசர். அரசியல்வாதிகளின் புண்ணியத்தால் “வி8” என்று சொன்னாலே போதும், எதைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் புரியும். நடுத்தர வர்க்கத்தின் கௌரவம் என்றால் பிரீமியோ. ஜப்பானில் ஒரு சாதாரணக் குடும்ப வாகனமாகப் பிறந்து, 2021இல் உற்பத்தியே நின்றுபோன அந்த வாகனத்துக்கு இங்கே இருக்கும் மதிப்பைப் பார்த்தால் டொயோட்டாக்காரர்களே வியப்பார்கள். பிரீமியோவை வாங்குபவர் அதன் மரநிறப் பலகைக்காக வாங்குவதில்லை. விற்கும் நாளில் ஒரு தொலைபேசி அழைப்பில் பணம் கைக்கு வரும் என்பதற்காக வாங்குகிறார். ஐரோப்பியச் சொகுசு வாகனத்தை விற்க முனைகிறவர் மாதக்கணக்கில் காத்திருந்து, வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதுவும் தரத்தைப் பற்றிய ஒரு தீர்ப்புத்தான், கணக்கில் வராத தீர்ப்பு.

2022இல் டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபா அளவுக்குப் பாய்ந்தபோது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. டொயோட்டாவுக்கு ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய பாகமோ, தாய்வான் தயாரிப்போ, தாய்லாந்துத் தயாரிப்போ பஞ்சிகாவத்தையில் ஏதோ ஒரு கடையில் கிடைத்தது. ஜேர்மன் வாகனங்களுக்குப் பாகம் கிடைப்பதோடு விடயம் முடிவதில்லை. பல மின்னணுப் பாகங்களைப் பொருத்திய பின்னர் அந்த வாகனத்தின் அடிச்சட்ட எண்ணோடு கணினியில் இணைத்துப் பதிய வேண்டும். என் சித்தப்பாவின் ஐரோப்பிய வாகனத்துக்கு ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானபோது, பாகம் வந்துசேர ஒரு மாதமும், அதைப் பதியும் வசதியுள்ள கராஜில் முறை கிடைக்க இன்னும் சில கிழமைகளும் ஆயின. அந்தக் காலம் முழுவதும் வாகனம் ஓடக்கூடிய நிலையில்தான் இருந்தது, கதவு மட்டும் பூட்டவில்லை. இப்போது தனியார் கராஜ்கள் சில ஒரே நிறுவனத்தின் வாகனங்களை மட்டும் எடுத்துத் திருத்துகின்றன. அவர்களுடைய திறமை முகவர் நிலையங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல, கூலியும் தாங்கக்கூடியது. வாகனத்தைப் பார்க்கப் போவதற்கு முன் அத்தகைய கராஜ்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள் என்பதே பென்ஸோ பிஎம்டபிள்யூவோ வாங்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. எந்த ஆண்டு மாதிரியை அவர் தொடவே விரும்பவில்லை என்று கேட்டால், அரை மணித்தியாலத்தில் எந்தத் தரவரிசையும் தராத தகவல் கிடைக்கும்.

வாகனம் எங்கிருந்து வந்தது என்பதும் நிறுவனத்தின் பெயரளவுக்கு முக்கியம். ஜப்பானில் புதிய வாகனத்துக்கு மூன்று ஆண்டுகள் முடியும்போதும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செலவு மிகுந்த கட்டாயப் பரிசோதனை இருப்பதால், அதற்கு முன்னரே பலர் விற்றுவிடுகிறார்கள். அப்படி ஏலத்துக்கு வரும் வாகனத்தின் ஏலத் தாளில் தரப்புள்ளியும் மைலேஜும் (ஓடிய தூரம்) கீறல்களின் வரைபடமும் இருக்கும். விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல், அடிச்சட்ட எண்ணைக் கொண்டு மூலத் தாளைத் தேடி எடுப்பது நல்லது. ஜேர்மன் வாகனங்களில் கணிசமானவை பிரித்தானியாவில் ஓடியவை. அங்கே குளிர்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவார்கள் என்பதால், மேலே கண்ணாடியாக மின்னும் வாகனத்தைத் தூக்கி நிறுத்தி அடிப்புறத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. உள்ளூரில் ஓடிய வாகனமானால் வெள்ளத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கியபோது அங்கே நின்ற வாகனங்கள் எல்லாம் அழிக்கப்பட்டுவிடவில்லை. ஜேர்மன் வாகனங்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கைக்குக் கீழும் தரைவிரிப்புக்குக் கீழும் இருப்பதால், விரிப்பை உயர்த்திச் சேற்றுத் தடம் தேட வேண்டும்.

மைலேஜைக் குறைத்து விற்பவர்களைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஐரோப்பிய வாகனங்களின் சிக்கலான மின்னணுவியலைத் திட்டித் தீர்க்கிறோம்; ஆனால் வாங்குகிறவருக்கு அது சாட்சியாகவும் நிற்கும். முன்பலகையில் உள்ள எண்ணை மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. ஆனால் அதே எண் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், பிஎம்டபிள்யூ போன்றவற்றில் சாவியிலும்கூடப் பதிவாகியிருக்கும். பரிசோதனைக் கருவி வைத்திருக்கும் கராஜ்காரரிடம் கொண்டுபோய் எல்லா எண்களையும் ஒப்பிட்டுத் தரச் சொன்னால், பெரிய செலவில்லாமல் விடை தெரிந்துவிடும். வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால், முன்பக்கத்தில் எந்த நிறுவனத்தின் சின்னம் இருந்தாலும் அதை விட்டுவிட்டு வந்துவிடலாம்.